மூன்றோடு நிறுத்தினேன்

போன ஆடியில் முதலாளியிடம் நான் சொன்னது பாதி உண்மை. "ரவுட்டர்ல முன்கூட்டி ஒண்ணுமே வரலீங்க, லைன்லதான் ஏதோ பண்ணி வெச்சிருக்காங்க" என்றேன். ரவுட்டரிலிருந்து முன்கூட்டி ஒன்றும் வராதது நிஜம். வரவிடாமல் செய்தவன் நான். அந்தப் பாதியை விழுங்கியதால், மலையில் எங்கள் கேபிளைப் பார்த்துக்கொள்கிற லைன்மேனுக்கு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு சின்ன இன்டர்நெட் நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம், தப்பு நிறுவனத்துடையது அல்ல. எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். சேந்தமங்கலத்திலிருந்து வரும் சாலை எங்களைத் தாண்டிக் காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. மேலே சோளக்காடு, செம்மேடு. எங்கள் ஃபைபரும் அந்தத் திசையில்தான், கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு ஏறுகிறது. காற்றடித்தால் கிளை விழும். குரங்கு பிடித்துத் தொங்கும். மாற்றுப் பாதை என்று ஒன்று கிடையாது. அந்த ஒரு கம்பி போனால் மேலே இருக்கிற எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரும் இருட்டு.

கீழே எங்கள் அலுவலகத்தில் ஒரு சிஸ்கோ ரவுட்டர். செம்மேட்டில், ரவுட்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு சுவிட்ச். இரண்டும் தமக்கு நடப்பதையெல்லாம் வரி வரியாக ஒரு சர்வருக்கு அனுப்பும். இதுதான் சிஸ்லாக். 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தன்னுடைய சென்ட்மெயில் மென்பொருளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இன்று ரவுட்டர், ஃபயர்வால், சர்வர் என்று எல்லாமே இதில்தான் பேசுகின்றன. ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர எண் உண்டு. பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் சிறுத்தால் விஷயம் பெரிது. 0 என்றால் பெட்டியே படுத்துவிட்டது. 1 உடனே கை வைக்க வேண்டியது, 2 ஆபத்தானது, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்க சாதாரண நிகழ்வு, 6 வெறும் தகவல், 7 டீபக். 'லாகிங் ட்ராப்' என்ற கட்டளையில் ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணும் அதற்குக் கீழே இருப்பவையும் மட்டும் சர்வருக்குப் போகும். சிஸ்கோவில் நாம் ஒன்றும் தொடாவிட்டால் அது 6-இல் இருக்கும்.

நான் அதை 3 ஆக்கினேன்.

காரணம் தூக்கம். சர்வருக்கு வரும் ஒவ்வொரு வரியும் என் போனுக்கு மெசேஜாக வரும்படி நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். செய்த நாளில் பெருமையாகத்தான் இருந்தது. மலையில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வாடிக்கையாளர் பக்கத்து போர்ட்கள் வரிசையாக விழும், எழும். விழுந்தால் இரண்டு வரி, எழுந்தால் இரண்டு வரி. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கப் போன் துள்ளிக்கொண்டே இருந்தது. வீட்டில் திட்டு. ஒரு நாள் அரைத்தூக்கத்தில் எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, இரண்டு பெட்டியிலும் 'லாகிங் ட்ராப் எரர்ஸ்' அடித்துவிட்டுப் படுத்தேன். ஸ்கிரிப்ட்டிலும் அந்த போர்ட்களின் பெயரைத் தள்ளிவிட்டேன். மறுநாளிலிருந்து போன் அமைதி. "என்ன தம்பி, இப்பல்லாம் மெசேஜே வர்றதில்ல போல?" என்று முதலாளி கேட்டதற்கு, "ட்யூன் பண்ணிட்டேனுங்க" என்றேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்கும் நினைக்கக் கூசுகிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் கடைசியில் கற்றேன். ஒவ்வொரு வரிக்கும் தீவிர எண்ணைப் போட்டவர் எங்கோ உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதிய ஒரு புரோகிராமர். அவருக்குச் சின்ன விஷயமாகப் பட்டது எனக்குப் பெரியதாக இருக்கலாம். ஒரு போர்ட் விழுந்தால் சிஸ்கோ அதற்கு 3 போட்டு 'லிங்க்-3-அப்டவுன்' என்கிறது. விழுந்தது எழுந்தாலும் அதே 3-தான். மைக்ரோடிக் ரவுட்டரில் அதே நிகழ்வு 'இன்ஃபோ' என்று, வெறும் தகவலாகப் பதிவாகிறது. ஓ.எஸ்.பி.எஃப். பக்கத்து ரவுட்டரைத் தொலைத்தால் சிஸ்கோவில் 5. பி.ஜி.பி. அண்டை போனாலும் 5. பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெற்றால் அதுவும் 5. அதாவது நெட்வொர்க்காரன் வயிறு கலங்க வேண்டிய பெரும்பாலான செய்திகள், 'சாதாரணம், ஆனால் கவனிக்கத்தக்கது' என்ற அறையில் உட்கார்ந்திருக்கின்றன. தீவிர எண் என்பது மிகவும் அகவயமானது, எல்லாக் கருவிகளும் ஒரே அளவுகோலில் பேசுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2009-இல் வந்த சிஸ்லாக் நெறிமுறை, ஆர்.எஃப்.சி. 5424, பின்னிணைப்பிலேயே சொல்கிறது. அதைப் படிக்காமலே சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறியவர்களில் நானும் ஒருவன்.

வல்வில் ஓரி விழா ஆடி 17, 18. அரசு விழா, செம்மேட்டில் கூட்டம் அலைமோதும். அந்த 17-ஆம் தேதி காலையில் மலை லிங்க் செத்தது. அன்னாசிப்பழம், மிளகு விற்கிறவர்கள் முதல் லாட்ஜ்காரர் வரை கியூ.ஆர். அட்டையை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார்கள். லைன்மேன் பைக்கில் ஏறி, ஒவ்வொரு வளைவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார். விழாக் கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்தன. சாயங்காலம்தான் இடம் பிடிபட்டது. சாய்ந்த ஒரு சில்வர் ஓக் கிளை கேபிளின் மேல் படுத்து, அதைக் கம்பத்தின் கொக்கியோடு சேர்த்து மடக்கி வைத்திருந்தது. அவர் கிளையை வெட்டி, நசுங்கிய பகுதியை நீக்கி, ஸ்ப்ளைஸ் போட்டு முடிக்கும்போது இருட்டிவிட்டது. மரக்கிளையை ஒழுங்காகக் கழித்துவிடாதது அவர் குற்றம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு என் வாக்கியம்தான் சாட்சி.

சில நாள் கழித்து பேட்டரி மாற்ற மேலே போனேன். சும்மா இருக்கட்டுமே என்று கன்சோல் கேபிளைச் செருகி 'ஷோ லாகிங்' அடித்தேன். தலைப்பகுதியிலேயே இரண்டு வரிகள். பஃபர் லாகிங்: லெவல் டீபக்கிங். ட்ராப் லாகிங்: லெவல் எரர்ஸ். சர்வருக்கு அனுப்பாதே என்று சொன்னேனே தவிர, பெட்டியின் சொந்த நினைவகத்தில் எழுதாதே என்று சொல்ல மறந்திருந்தேன். அது எழுதியிருந்தது.

ஊரெல்லாம் ஆடி, அந்தப் பெட்டிக்கு மட்டும் மார்ச். நேரம் ஒத்திசைக்க என்.டி.பி. சர்வர் எதையும் அதற்கு நான் காட்டவில்லை. அப்படிப்பட்ட பழைய சிஸ்கோ சுவிட்ச்கள் மின்சாரம் வந்து எழும்போது தம் கடிகாரத்தை 1993 மார்ச் 1-இல் தொடங்கும். 'இந்த நேரத்தை நம்பாதே' என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. லிங்க் செத்த வரியைக் கண்டுபிடித்து அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மார்ச் முதல் வாரத்திலிருந்தே அந்த வரிகள் இருந்தன: 'எஸ்.எஃப்.எஃப்.8472-5-த்ரெஷோல்ட் வயலேஷன்: ஆர்.எக்ஸ். பவர் லோ வார்னிங்'. வந்து சேரும் ஒளி −19.6 டி.பி.எம்., வரம்பு −19.0. பிறகு −20.8. காற்று விட்ட நாளில் வரம்புக்குள் போய்விட்டு, மறுபடி −21.5. கடைசி நாள்களில் 'வார்னிங்' போய் 'லோ அலார்ம்' என்றே எழுத ஆரம்பித்திருந்தது, −23.4. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகிறது. கிளை சாயச் சாய, ஃபைபர் மடங்க மடங்க, சுவிட்ச் அதை வாரக்கணக்கில் அளந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த ஒளி அளவைக் கண்காணிக்கும்படி அதற்குச் சொல்லி வைத்தவனும் நான்தான், முன்பொரு காலத்து உற்சாகத்தில்.

ஒன்றைக் கவனியுங்கள். செய்தியின் வாய் 'வார்னிங்' என்கிறது, 'அலார்ம்' என்கிறது. நெற்றியில் இருக்கிற எண்ணோ 5. நான் கொஞ்சம் தாராளமாக 4 வரை, அதாவது எச்சரிக்கை வரை, திறந்து வைத்திருந்தால்கூட இந்த எச்சரிக்கை என்னிடம் வந்திருக்காது.

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 'லாகிங் ட்ராப் இன்ஃபர்மேஷனல்' என்று மாற்றி, சேமித்து, கேபிளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சம்பள நாளில் லைன்மேன் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. 3 என்று அடித்தது சோம்பல். இது அப்படியல்ல, தெரிந்தே செய்தது.

பிறகு சொன்னேன். எது சொல்ல வைத்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அடுத்த தடவை கேபிள் அறுந்தபோது அவர் என்னிடம், "அண்ணா, பெட்டியில எதாச்சும் காட்டுதுங்களா?" என்று கேட்டார். முழுக்க நம்பிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எத்தன நாளு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ணா?" என்று மட்டும் கேட்டார். ரெண்டு வாரத்துக்கு மேல என்றேன். "அப்ப கிளைய அப்பவே வெட்டியிருப்பனே" என்றார். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். பிடித்த பணத்தை லைன்மேனுக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவரைப் பேசிய பேச்சை யாரும் திரும்பப் பெறவில்லை, நான் உட்பட.

பெரிய நிறுவனங்களும் லாகைப் பார்க்க முடியாமல் தடுமாறியிருக்கின்றன. 2022 ஜூலை 8-இல் கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் முழுவதும் படுத்தது, 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். ரவுட்டர் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டியை எடுத்துவிட்டதில் வந்த வினை. நிர்வாகப் பாதையும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால் பொறியாளர்களால் உள்ளே நுழைந்து பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆயிற்று. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது, எனக்குக் கிடைத்ததை நானே அடைத்தேன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

சிறிய ஊர்களில் என்னைப்போல ஒற்றை ஆளாக நெட்வொர்க்கைக் கட்டிக் காப்பவர்களுக்கு: இன்றைக்கே உங்கள் ரவுட்டரில் 'ஷோ லாகிங்' அடித்து ட்ராப் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். 3, 4 என்றிருந்தால் 6-க்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளர் போர்ட்களின் சத்தம் தாங்கவில்லை என்றால் அந்த போர்ட்களில் மட்டும் 'நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போடுங்கள், மலைக்கோ பக்கத்து ஊருக்கோ போகிற முக்கிய லிங்க்கைத் தொடாதீர்கள். வடிகட்டுவதைச் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு எது வர வேண்டும் என்பதை எண்ணைப் பார்த்து அல்ல, செய்தியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாப் பெட்டிக்கும் என்.டி.பி. கொடுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைப்பதும், லாகை 180 நாள் வைத்திருப்பதும் கட்டாயம். லைன்மேனைக் குறை சொல்வதற்கு முன்னால் பஃபரை ஒரு முறை படித்துவிடுங்கள்.