கலரா, பேட்டரியா?

கையில் பிடித்து ஆடும் கேம் மெஷின் என்றாலே, "ஸ்கிரீன் என்ன? பிராசஸர் என்ன?" என்றுதான் மல்லுக்கு நிற்கிறோம். 1989-இல் வந்த நின்டெண்டோ கேம் பாயில் கலரே கிடையாது. 4 பென்சில் செல்லில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1990-இல் வந்த சேகா கேம் கியரில் கலரும் உண்டு, ஸ்கிரீனுக்குப் பின்னால் விளக்கும் உண்டு. அந்த விளக்கு எரியவே 6 செல்லும் ஐந்து மணி நேரத்தில் காலி! விற்பனையில் ஜெயித்தது கேம் பாய்தான்.

கேட்டரிங் வேலைக்குப் போய்க் காசு சேர்த்த திருப்புலிவனம் நண்பன், "செகண்ட்ஸ்ல வாங்கின ஓஎல்இடி ஸ்விட்சை வித்துட்டு, 2025-ல வந்த ஸ்விட்ச் 2 வாங்கப்போறேன்டா" என்கிறான். ஸ்கிரீன் 7 அங்குலத்திலிருந்து 7.9 ஆகும், சரி. பேட்டரி? கம்பெனிக் கணக்குப்படியே 4.5–9 மணி நேரம், 2–6.5 ஆகிறது. "சார்ஜர் இருக்கேடா!" என்கிறான். டவுன் பஸ்ஸில் ஏது பிளக்?

தோழர்களே, ஸ்பெக் ஷீட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். வியர்வை சிந்திய காசு நம்முடையது!