கொம்பு விழுந்த காலம்

முப்பது வருஷத்துக்கு முன்னால் முதுமலையில் அசடு வழிந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு போயிருந்தேன். மூங்கில் புதரோரம் கொம்பில்லாத பெரிய கடமான் ஒன்று நின்றது. "பெண் மான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். தலைமையாசிரியர் சொன்னால் மறுபேச்சு ஏது? கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மட்டும் பிள்ளைகள் காதில் விழாமல் என் பக்கத்தில் வந்து, "சார், அது ஆம்பளைங்க. கொம்பு விழுந்துபோச்சு. கழுத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கழுத்தில் பிடரிமயிர் அடர்ந்து தொங்கியது. காதுகளுக்கு நடுவே, கொம்பு இருந்த இடத்தில், ஆறாத புண் போல இரண்டு வட்டங்கள்.

மானின் கொம்பு எலும்பு. விழும், மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மேலே வெல்வெட் போல ரோமத்தோல் மூடியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடுவதால் இளங்கொம்பில் சூடு இருக்கும். முற்றியதும் அந்தத் தோல் காய்ந்து உரியும். மரத்தில் தேய்த்துத் தேய்த்து மான் அதைக் கழற்றும். நம் காட்டுப் பெண் மான்களுக்குக் கொம்பே கிடையாது. ஆக, கொம்பை மட்டும் நம்புகிறவன் வருஷத்தில் சில மாதமாவது என்னைப் போல ஏமாறுவான்.

பெயரை நம்பினாலும் இதே கதிதான். கேளையாடு என்கிறோம், அது ஆடல்ல, அசல் மான். ஆட்டளவுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம், முகத்தில் கறுப்புக் கோடு. மிரண்டால் நாய் மாதிரி குரைக்கும். காட்டில் முதல் தடவை கேட்டபோது யாரோ வளர்ப்பு நாயைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று கோபப்பட்டேன். வெளிமான் என்கிறோம், முறுக்கிய கொம்போடு வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் ஓடுகிறதே, அது ஆடுமாடுகளுக்குச் சொந்தக்காரன். அதன் கொம்பு எலும்பின் மேல் உறை போட்டது, ஆயுசுக்கும் விழாது. சருகுமானோ இரண்டிலும் சேராத தனிக் குடும்பம். முயலைவிடச் சற்றுப் பெரிசு, யாருக்கும் கொம்பில்லை.

'அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு' என்று நாம் கேட்கிறோமே, பதவிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஓய்வு பெற்ற மறு மாதமே கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி எனக்கு நாலாம் வரிசையானது. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நானும் அப்படித்தானே மனிதர்களை எடை போட்டேன்? தலையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை. அன்று அந்தக் காவலரின் காக்கிச் சட்டை நிறம் வெளுத்திருந்ததைக் கவனித்த நான், அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிறு பேரனோடு கிண்டிப் பூங்காவுக்குப் போனேன். புள்ளிமானும் வெளிமானும் ஒரே இடத்தில் வாழ்கிற காடு அது. ஊருக்கு நடுவே 1978 முதல் தேசியப் பூங்கா. வேலிக்கு அப்பால் கொம்பில்லாமல் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் புள்ளி, தொண்டையில் வெள்ளை.

"புள்ளிமான், பொண்ணு!" என்றான் பேரன்.

"புள்ளிமான் சரி. பொண்ணான்னு தெரியலையே. கழுத்து தடிமனா இருக்கு பாரு."

"அப்ப ஆணா, தாத்தா?"

"தலையைத் தூக்கட்டும், நெத்தியைப் பாப்போம்."

அது புல்லிலிருந்து வாயை எடுக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.