கூண்டுக்குள் யெமன் வெயில்

டொராண்டோவில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். எங்கள் வீட்டு முன்னறையில் மட்டும் ஏழு மணிவரை பகல். என் மகளின் யெமன் பச்சோந்தி அங்கேதான் இருக்கிறது. யெமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளிலும் வாழும் இனம் அது. எங்களுடையது கூண்டிலேயே பிறந்தது. அந்த மலைகளைக் கண்டதில்லை. ஆனால் அதன் எலும்பும் தோலும் குடலும் அந்த மலை வெயிலுக்கென்றே அமைந்தவை. அந்த வெயிலை இங்கே உண்டாக்கித் தருவதுதான் வளர்ப்பவரின் முதல் கடமை என்று நினைக்கிறேன். தீனிகூட அடுத்ததுதான்.

சூரியன் வெளிச்சத்தையும் சூட்டையும் யூவி-பி என்ற புற ஊதாக் கதிரையும் சேர்த்தே தருகிறது. கடையில் அவை தனித்தனிப் பெட்டிகளில் இருக்கின்றன. கண் கூசும்படி எரியும் பல்பில் யூவி-பி துளியும் இல்லாதிருக்கலாம். யூவி-பி தரும் குழல்விளக்கில் சூடு போதாது. கூண்டைச் சன்னலோரம் வைத்தால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். சன்னல் கண்ணாடி யூவி-பியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்.

பிரித்து வாங்கினாலும் ஒரே கிளைக்கு மேலே சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். யூவி-பி பட்டதும் தோலில் வைட்டமின் டி3-இன் முன்வடிவம் உண்டாகிறது. அது டி3 ஆக மாறுவதற்கு உடல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூட்டுக்கு ஒரு மூலை, கதிருக்கு இன்னொரு மூலை என்று அமைத்தால், குளிர்காய வரும் பிராணிக்குக் கதிர் கிடைக்காமல் போகும். டி3 குறைந்தால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. கால்கள் வளையும், தாடை இளகும், கிளையைப் பற்றும் பிடி தளரும். அப்படி வளைந்த கால்களோடு ஒரு பச்சோந்தியைப் பார்த்திருக்கிறேன். பிறகு விளக்கின் விலையைப் பற்றி நான் யோசித்ததில்லை.

நாங்கள் போட்டிருப்பது T5 வகைக் குழல்விளக்கு. கூண்டின் மேல்வலையே கதிரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தின்றுவிடும் என்பதால், விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. கிளையில் யூவி குறியீடு 3 அளவில் இருந்தால் போதும். அதை அளக்கவே கையடக்கக் கருவி இருக்கிறது. நாள்பட்ட குழல்விளக்கு வெளிச்சம் குறையாமல் எரியும், யூவி-பி மட்டும் வடிந்துவிடும். நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

சூட்டு விளக்கில் உயரம்தான் முக்கியம். கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். ஆனால் கிளையை அளந்தால் போதாது. வளர்ந்த ஆணின் தலையில் உயர்ந்த கொண்டை ஒன்று உண்டு. உடல் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே கொண்டையின் நுனி வெந்துவிடக்கூடும். ஆகவே வெப்பமானியைக் கொண்டை எட்டும் உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும்.

மற்றதை அந்தப் பிராணியே சொல்லும். காலையில் கருத்து, பக்கவாட்டில் தட்டையாகி, விலாவை விளக்குப் பக்கம் திருப்பி நிற்கும். சூடு மிஞ்சினால் வெளிறிப்போய் வாயைத் திறக்கும். ஆனால் நன்றாகத் தின்கிறதே, சூடு சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஆண்டர்சன், டீபன் என்ற ஆய்வாளர்கள் 2010-ல் இதே இனத்தை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். 15 டிகிரிக் குளிரிலும் நாக்கு பெரிதாக வேகம் குறையாமல் பாய்கிறது. மீள்தன்மையுள்ள திசு சேமித்துவைத்த விசையால் அது பாய்வதே காரணம். உள்ளே இழுப்பதுதான் மந்தமாகிறது. பூச்சி வயிற்றுக்குள் போய்விடும், செரிக்கத் தேவையான சூடு உடலில் இருக்காது.

கூண்டு முழுவதும் ஒரே வெயிலாக இருப்பதும் கொடுமைதான். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், டி3 குறைந்த உணவு உண்ட மடகாஸ்கர் பாந்தர் பச்சோந்திகள் யூவி மிகுந்த இடத்தைத் தேடிப் போயின. டி3 நிறைய உண்டவை அவ்வளவு தேடவில்லை. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது பச்சோந்திக்குத் தெரிகிறது. விலகிப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கூண்டு நான்கு அடி உயரம். மேலே வெயில், நடுவில் அடர்ந்த இலை, கீழே 22 டிகிரி நிழல்.

இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறோம். இரவுக்கென்று சிவப்பு பல்பு விற்கிறார்கள், வேண்டாம். மலை இரவு குளிரும். நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த பச்சோந்திக்கு 16, 17 டிகிரி கெடுதல் செய்யாது. இருட்டு கெட்டால்தான் தூக்கம் கெடும். இதற்காகவே அந்த அறையின் ஹீட்டரை இரவில் குறைத்து வைக்கிறோம்.

ஜூன் பிறந்து வெயில் உறைத்ததும் கம்பிவலைக் கூண்டை, பாதி நிழல் விழும்படி, பால்கனியில் வைப்போம். கண்ணாடித் தொட்டியை அப்படி வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் உள்ளே அவிந்துவிடும். செப்டம்பரில் கூண்டு உள்ளே திரும்புமுன் குழல்விளக்கைப் புதிதாக மாற்றிவிடுவேன், பழையது நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்.