ஒரேயொரு கட்சிக்காரர்

'42' படம் பார்த்து முடிந்த இரவு எங்களுக்குள் சரியான சண்டை. 1947இல் ஜக்கி றொபின்சன் என்ற கறுப்பின வீரரை அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போலுக்குள் கொண்டுவந்த கிழவர் பிராஞ்ச் றிக்கி நல்ல மனுசனா, கெட்டிக்கார வியாபாரியா? படத்தில் அவர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர், வாயில் சுருட்டு. அதுக்கு முந்தின றிக்கியைத்தான் நாங்கள் பிறகு தேடிப் போனம்.

1881இல் ஒஹாயோவில் பிறந்தவர். வெளியில் காசு வாங்கி விளையாடினதால் ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரி அணியில் விளையாடும் தகுதியை இழந்தார். கல்லூரியோ அவரையே பேஸ்போல் பயிற்றுநராக்கியது! பிறகு புட்போல், பாஸ்கெட்போல் என்று எல்லாத்துக்கும் பயிற்றுநர். அந்தக் காலத்துச் சின்னக் கல்லூரிகளில் ஒருவரே மூன்று விளையாட்டையும் பார்ப்பது புதுமையில்லை. தொழில்முறை வீரராக அவர் பெரிசா ஒண்டும் கிழிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட மாட்டேன் என்றதால் சின்சினாட்டி அணி அனுப்பிவிட்டது. 1907இல் ஒரே ஆட்டத்தில் எதிரணி அவரை ஏமாத்தி 13 தளங்களைத் திருடியது. எல்லே விளையாடிப் பழகின எங்களுக்கே அதைக் கேட்கக் கூச்சமா இருந்தது.

பிறகு காசநோய். அதிலிருந்து எழும்பி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், அங்கேயும் பேஸ்போல் பயிற்றுநராக இருந்துகொண்டே. 1911இல் பட்டம் வாங்கி, ஐடஹோவின் பொய்சி நகரில் நண்பர்களோடு அலுவலகம் திறந்தார். கிடைத்தது ஒரேயொரு கட்சிக்காரர். அந்தாளும் இவரைத் துரத்திவிட்டதாம். சட்டத்தரணி திரும்பவும் மைதானத்துக்கே வந்து சேர்ந்தார்.

எங்களை உலுப்பினது இதெல்லாம் இல்லை, ஒரு ஹொட்டேல் அறை. ஒஹாயோ வெஸ்லியன் அணியோடு இண்டியானாவின் சவுத் பெண்ட் நகருக்குப் போனபோது, சார்ள்ஸ் தோமஸ் என்ற கறுப்பின வீரருக்கு அறை தர மறுத்தார்கள். இளம் பயிற்றுநர் றிக்கி வாதாடி, தன் அறையிலேயே ஒரு கட்டில் போடச் செய்தார். உள்ளே போனதும் தோமஸ் அழுதபடி தன் கையின் தோலை உரித்தெறிய முயல்வதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அந்தக் காட்சி தன்னை விடவேயில்லை என்று றிக்கி கடைசிவரை சொன்னார். தோமஸ் பிறகு பல் வைத்தியரானார். இருவரின் நட்பும் நீடித்தது.

இதைக் கேட்டதும் "நல்ல மனுசன்" கட்சி வென்றமாதிரி இருந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால், 1913 முதல் 1942 வரை றிக்கி வேலை செய்தது சென் லூயிஸில். அங்கத்தைய மைதானத்தில் 1944 வரை கறுப்பின ரசிகர்களுக்குத் தனி இருக்கை. தோமஸின் கைகளை மறக்காதவர் அத்தனை வருசம் அந்தக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார்? அதிகாரம் முழுசா அவர் கையில் இல்லைத்தான். அது எங்களில் பாதிப் பேருக்குப் போதவில்லை.

அடுத்தது காசு. றொபின்சன் அப்போது கறுப்பினத்தவர் லீக்கில் கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார். றிக்கி அந்த அணிக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை. முறையான எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதுதான் அவரின் நியாயம். பொய்சியில் எடுபடாத சட்டப் படிப்பு இங்கே நல்லா வேலை செய்திருக்கு. எதிர்த்தால் றொபின்சனின் வழியை மறித்த பழி வருமென்று மொனார்க்ஸ்காரரும் அடங்கிப் போனார்கள். காசு குடுக்கவே முடியாத விசயமும் இல்லை: அதே 1947இல் லரி டோபியை எடுத்த கிளீவ்லாண்ட் அணியின் பில் வீக், நுவார்க் ஈகிள்ஸுக்கு 15,000 டொலர் குடுத்தார். அடுத்த வருசத்தோடு நீக்ரோ நஷனல் லீக் இழுத்து மூடப்பட்டது.

"கதவைத் திறந்தவனிட்டப் போய் வாடகைக் கணக்குக் கேக்கிறியளோ?" என்று ஒருத்தி கத்தினாள். "திறந்தது சரி, பக்கத்து வீட்டுக் கதவைக் கழட்டியெல்லோ கொண்டுபோனவர்" என்றான் மற்றவன். நேரம் ஒரு மணி தாண்டியிருந்தது. தேத்தண்ணி போட ஒருத்தரும் எழும்பவில்லை.