விலை கொடுத்து வாங்கிய பழையது

சிக்கனத்தையும் சேமிப்பையும் பற்றிப் பேசாத ஆண்டு நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றேனும் இருந்ததில்லை. கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணி 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தேசியச் சேமிப்பு வங்கியின் கைக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும், பிள்ளைகளின் பெயரில் கணக்குத் திறக்கும்படி பெற்றோரை விடாது வற்புறுத்தி வந்தவர்களுள் ஆசிரியர்களும் உண்டு. நல்ல பணியே, அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சேர்த்த காசைச் செலவிடுவதும் ஒரு கல்வியன்றோ? அதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலாது. பிள்ளை தன் கையால் செலவிட்டே கற்றாக வேண்டும்.

2023ஆம் ஆண்டு நமது பள்ளி நூல்நிலையத்துக்குப் புதிய அலமாரிகள் வாங்க நிதி திரட்டும் பொருட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமையில் பழம்பொருள் விற்பனை நடத்தினர். பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த முன்னாள் மாணவர்கள் உடுப்புகள், பாத்திரங்கள், விளையாட்டுப் பொருள்கள் எனப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தனர். காசு வாங்கும் மேசையருகே நாமும் அமர்ந்திருந்தோம்.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, மைலோ டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, விளையாட்டுப் பொருள்களை மும்முறை சுற்றி வந்தாள். பொன்னிறக் கூந்தலுடைய பொம்மை ஒன்றை எடுத்துப் பார்த்தாள், மீண்டும் வைத்துவிட்டாள். கடைசியில் அவள் கண் நிலைத்தது, ஓரம் சிறிது சிதைந்த பழைய மரச் சொங்காக் பலகை ஒன்றின்மீது. படகு போன்ற வடிவம். இரு வரிசையில் ஏழேழு குழிகள். இரு முனைகளிலும் பெரிய குழி ஒவ்வொன்று. மலாய்மொழி ஆசிரியை அவ்விளையாட்டை வகுப்பில் ஒருமுறை ஆடிக் காட்டியிருந்தார். பலகையோடு ஒரு துணிப் பையில் விதைகளும் இருந்தன. விலை எட்டு வெள்ளி.

அவள் உடனே வாங்கிவிடவில்லை. தரையில் அமர்ந்து, பையைக் கவிழ்த்து, விதைகளை ஏழேழாக அடுக்கி எண்ணத் தொடங்கினாள். பின்னால் வரிசை நீண்டது, அவள் பொருட்படுத்தவில்லை. எண்ணி முடித்துச் சங்கப் பொருளாளரிடம் வந்தாள்.

“மாமா, ஒரு குழிக்கு ஏழு என்றால் பதினான்கு குழிக்கும் தொண்ணூற்றெட்டு விதை வேண்டும். இதில் அறுபத்தொன்றுதான் இருக்கிறது. முப்பத்தேழு குறைகிறது.”

“விதைதானே அம்மா, எங்கும் கிடைக்குமே!”

“கிடைக்கும் மாமா. நான்தானே பொறுக்க வேண்டும்?”

பொருளாளர் தம் கடையில் ஐந்து காசும் குறைக்காதவர் என்பதைத் தோட்டமே அறியும். அவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தோம். பேரம் ஆறு வெள்ளியில் முடிந்தது. தீபாவளி அன்பளிப்பில் எஞ்சியதும், சிற்றுண்டிச் சாலையில் செலவிடாது வைத்த இருபது காசும் ஐம்பது காசுமாக, டின்னில் இருந்தது ஆறு வெள்ளி நாற்பது காசு. மீதி நாற்பது காசைத் திரும்ப டின்னிலிட்டு மூடினாள். பொருளாளர் முறைப்படி அவள் பெயருக்கே இரசீது எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவளுடைய தாயார் பலகையும் கையுமாக நம் அறைக்கு வந்தார்.

“ஐயா, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காசும் திரும்ப வேண்டாம். யாரோ கழித்துப் போட்டதை வைத்து விளையாடும் அளவுக்கு நாங்கள் வக்கற்றுப் போய்விடவில்லை. சம்பளம் வந்ததும் புதிதாகவே வாங்கிக் கொடுப்பேன்.”

வெளியார் எவரேனும் கேட்டிருந்தால் இதனை வீண் பெருமை என்று சொல்லியிருக்கக்கூடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். 1970களின் இறுதியில், நாம் சிறுவராயிருந்த தோட்டத்திலே, துரை மாற்றலாகிப் போகும்போதெல்லாம் பங்களாவிலிருந்து பழைய பொருள்கள் வரும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுப்பார்கள். எதை வேண்டுமென்று கேட்கும் வழக்கமில்லை. கைக்கு வந்ததை வாங்கி, ஒரு கும்பிடு போட்டு நகர வேண்டும். நமக்கு மூன்று சக்கரமுள்ள தகரக் கார் ஒன்று கிடைத்தது. ஆசையோடுதான் ஓட்டினோம். ஆனால் விளையாட்டில் சண்டை மூளும்போதெல்லாம், “துரை வீட்டுப் பழசு” என்னும் சொல் நம்மீது வந்து விழும். அந்தக் கார் ஒருநாளும் நம்முடையதாக ஆகவில்லை. கொடுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். வாங்கிய கைக்கு மட்டும் அது வேறுவிதமாகக் கனத்தது. அத்தகைய கனம் அந்தத் தாயாரின் குடும்பத்துக்கும் புதிதன்று என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

ஆகவே நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. மாணவியை அழைத்துவரச் செய்தோம். அழுவாள் என எதிர்பார்த்தோம், அழவில்லை. வகுப்புக்குத் திரும்பி ஓடித் தன் பென்சில் பெட்டியோடு வந்தாள். நான்காக மடித்திருந்த இரசீதை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

தாயார் அதனை மெதுவாகப் படித்தார். மகளின் பெயர். பலகை ஒன்று. எட்டு வெள்ளி என எழுதி, அடித்து, ஆறு வெள்ளி.

“இரண்டு வெள்ளியைக் குறைத்தது யார்?”

“நான்தான் அம்மா. விதை குறைந்தது.”

“அந்த மனுசரிடமா?”

அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொருளாளரின் கடையில் பற்று வைத்திருப்பவர்களுக்கு அச்சிரிப்பின் பொருள் விளங்கும். பழையது என்ற பேச்சு பிறகு எழவில்லை. வாங்கிப் போவதற்கும் பெற்றுக்கொண்டு போவதற்கும் உள்ள வேற்றுமையை அந்த ஆறங்குலத் தாள் நம்மைவிடத் தெளிவாக எடுத்துரைத்துவிட்டது. பலகையை மகளே தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

குறைந்த முப்பத்தேழு விதைகளுக்கும் அவள் வழி கண்டாள். பழைய கிராணி வீட்டின் பின்புறம் ஒரு மஞ்சாடி மரம் நிற்கிறது. மலாய்க்காரர் அதனைச் சாகா என்பர். காய் வெடித்துச் செக்கச் சிவந்த விதைகள் புல்லிலே சிதறிக் கிடக்கும். (இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி எனப் பொற்கொல்லர் முன்பு நிறுத்தது இவ்விதையைக் கொண்டே, நம் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும்.) ஒரு வாரம் பள்ளி விட்டதும் பொறுக்கினாள். சோழியும் சிவப்பு விதையும் கலந்து இப்போது தொண்ணூற்றெட்டும் நிறைந்துள்ளன.

வீட்டில் அவளோடு ஆடுபவர் பாட்டி. அவர் தம் சிறுவயதில் லயத்து வாசலில் மண்ணிலே குழி பறித்து, புளியங்கொட்டை கொண்டு பல்லாங்குழி ஆடியவர். பேத்தி ஆசிரியையிடம் கற்ற முறையை அவர் ஏற்பதாயில்லை. தம் குழியில் நான்கு விதை சேர்ந்தவுடன் “பசு!” என்று கூவி அள்ளிக்கொள்கிறாராம். முனைகளிலுள்ள பெரிய குழிகள் பல்லாங்குழிக்கு வேண்டாதவை என்பது அவர் தீர்ப்பு. அவற்றுள் ஒன்றில் தம் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அம்மாணவி நம்மிடம் முறையிட்டாள்.