திருமதி எல். டபிள்யூ. கிங்

விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை 1966, 1967, 1968, 1972, 1973, 1975 என ஆறு முறை வென்றவர் பில்லி ஜீன் கிங். அந்த மைதானத்தின் வெற்றியாளர் பலகையில் பல பத்தாண்டுகள் அவர் 'திருமதி எல். டபிள்யூ. கிங்' என்றே இருந்தார். எல். டபிள்யூ. என்பவை அவருடைய முன்னெழுத்துகள் அல்ல. கணவர் லாரி கிங்கினுடையவை. ஆறு வெற்றிகளில் ஒன்றில்கூட பில்லியும் இல்லை, ஜீனும் இல்லை.

ஆண்களின் பலகையில் முன்னெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டுமே இருக்கும். ஆர். லேவர், பி. போர்க், ஆர். ஃபெடரர். அவர்கள் மணமானவர்களா என்று பலகை கேட்டதில்லை. பெண்களுக்கான போட்டி தொடங்கிய 1884 முதலே, பெண்ணைப் பற்றி முதலில் சொல்லப்பட்டது அதுதான்: செல்வியா, திருமதியா.

இதனால் ஒரே பெண் இரண்டு பேரானாள். 1903, 1904, 1906 ஆகிய ஆண்டுகளில் வென்ற டொரோத்தியா டக்ளஸும், 1910 முதல் 1914க்குள் நான்கு முறை வென்ற திருமதி லாம்பர்ட் சேம்பர்ஸும் ஒருவரே. நடுவில் 1907இல் ஒரு கல்யாணம். விவரம் தெரியாமல் பலகையை மட்டும் படிப்பவர், ஒருத்திக்கு மூன்று, இன்னொருத்திக்கு நான்கு என்று கணக்கு எழுதிவிடுவார். கிறிஸ் எவர்ட் 1974இலும் 1976இலும் தன் பெயரில் வென்றார். 1981இல் வென்றபோது திருமதி ஜே. எம். லாயிட். ஜான் லாயிடுடனான திருமணம் 1987இல் முடிந்தது. பலகையில் அது முடியவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது ஈவான் கூலகாங்கின் பெயர். ஆஸ்திரேலியாவின் விராஜுரி பழங்குடியைச் சேர்ந்தவர். 1971இல் வென்றபோது கூலகாங் என்ற பெயர் அந்த ஆங்கிலேயப் பலகையில் ஏறியது. 1980இல், கையில் ஒரு குழந்தையுடன் திரும்பி வந்து, எவர்ட்டை 6-1, 7-6 என வென்றார். 1914இல் வென்ற டொரோத்தியாவுக்குப் பிறகு அங்கே பட்டம் வென்ற முதல் தாய் அவர்தான். அந்த வெற்றி கணவர் ரோஜர் காலியின் பெயரில் பதிவானது. இன ஒதுக்கலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பெயரைக் கல்யாணம் அழித்துவிட்டது.

சங்க இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இது பழகிய கதை. புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. அரசனின் மனைவி என்பதைத்தான் இரண்டு சொற்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கைம்மை நோன்பை விடத் தீயே மேல் என்று சான்றோர் முன் நின்று வாதிட்ட அந்தக் கவியின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் கணவனும் அதே தொகையில் பாடியிருக்கிறான். அவன் 'ஒல்லையூர் தந்த' பூதப்பாண்டியன். அவனுக்கு அடைமொழி அவன் செய்த காரியத்தால் வந்தது; அவளுக்கு அவனால் வந்தது.

நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் பெரிதாக இல்லை, எனவே நமக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நமக்கு இனிஷியல் இருக்கிறது. என் சான்றிதழ்களில் அப்பாவின் எழுத்து. குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. ஒருமுறை ஒரு வங்கியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அந்த ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். படிப்பு முடியும் முன்பே திருமணமாகும் மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு: "மேம், இனிஷியல மாத்தணுமா?" மாற்றச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, மாற்றாதே, பட்டச் சான்றிதழில் உள்ள பெயர் கடைசிவரை உன்னோடு வரட்டும் என்பேன். சிலர் கேட்பார்கள். சிலருக்கு வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் எழுத்தும் ஓர் ஆணின் எழுத்துதானே என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. 2018 விம்பிள்டனில் இதே முடிச்சு வேறு விதமாக விழுந்தது. முந்தைய ஆண்டு மணமாகியிருந்த செரீனாவை நடுவர் 'மிஸஸ் வில்லியம்ஸ்' என்று அறிவித்தார். தந்தை வழி வந்த பெயருக்கு முன்னால் கணவனால் வந்த அடைமொழி. செரீனா என்ற பெயருக்கு அதில் இடமில்லை. 2019இல் புள்ளிகளை அறிவிக்கும்போது மிஸ், மிஸஸ் சொல்வதை நிறுத்தினார்கள். 2022இல் பெண்களின் பலகையிலிருந்தும் அவற்றை எடுத்தார்கள். முதல் போட்டி நடந்து 138 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர் சின்ன விஷயம், பணம்தான் பெரிது என்று நினைக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. 1968இல் அங்கே முதன்முறையாகப் பரிசுப் பணம் தரப்பட்டது. ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீனுக்கு 750. 1973இல் அவர் லண்டனில் சக வீராங்கனைகளைத் திரட்டிப் பெண்களுக்கான டென்னிஸ் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் சம பரிசுக்கு ஒப்புக்கொண்டது. விம்பிள்டன் ஒப்புக்கொள்ள 2007 ஆனது. இன்னொருவரின் மனைவியாக எழுதப்பட்டவளின் சம்பாத்தியம் கூடுதல் வருமானமாகத்தான் தெரியும். வீட்டுக்கு ஒரு சம்பளம் இருக்கிறதே என்று பெண் ஆசிரியர்களிடம் இன்றும் சொல்கிறார்களே, அதே கணக்கு.

லாரியைப் பிரிந்த பின்னும் பில்லி ஜீன் 'கிங்' என்பதை விடவில்லை. 2006இல் நியூயார்க்கின் தேசிய டென்னிஸ் மையத்துக்கு, அமெரிக்க ஓப்பன் நடக்கும் அதே இடத்துக்கு, பில்லி ஜீன் கிங் என்று முழுப் பெயரையும் வைத்தார்கள். கணவரிடமிருந்து வந்த அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டால் இன்று யாருக்கும் லாரி நினைவுக்கு வருவதில்லை. அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலும் இதை ஒட்டியதுதான்: எழுத்து யாரிடமிருந்து வந்தது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம், அதன் பக்கத்தில் உன் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பார்.