சேர்த்து வைத்த படம்

போன தீபாவளிக்கு சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு, பாட்டி என் முன்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்தார். உள்ளே பிறப்புப் பத்திரங்கள், கோயில் ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன உறை. உறைக்குள் இரண்டே இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்று தாத்தா. இன்னொன்று இளவயதுப் பாட்டி.

“கம்ப்யூட்டர்ல என்னென்னமோ செய்யிறியே கண்ணு. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சுத் தர முடியுமா?”

பாட்டிக்கு 84 வயது. தாத்தா 1971இல் இறந்துவிட்டார். அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்குப் படம் எடுப்பது ஆசைக்கு அல்ல, தேவைக்கு. 1948இல் அவசரகாலத்தின்போது இந்நாட்டில் அடையாளக் கார்டு வந்தது. 12 வயதைத் தொட்டவர்கள் எல்லாரும் பதிய வேண்டும். படமும் கைரேகையும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் பலருக்கு முதல் படமே அதற்காக எடுத்ததுதான். பாட்டியின் உறையில் இருந்தவையும் 1960களில் கார்டு மாற்றுவதற்காக, ஆளுக்கொரு நாள் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் எடுத்தவற்றில் மிஞ்சிய பிரதிகள்.

இரண்டையும் ஸ்கேன் செய்துகொண்டு கிள்ளானுக்குத் திரும்பினேன். வானொலியில் இரவு நேர நிகழ்ச்சி முடிந்து வீடு வந்ததும், எல்லாரும் தூங்கிய பிறகு ஃபோட்டோஷாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை படித்தபோது இந்த மென்பொருளோடு எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒரு பாடவேலைக்காக ஒரு படத்தின் பின்னணியை இரேசரால் அழித்து, அதே கோப்பில் சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பின்னணியோடு சேர்ந்து ஒரு காதும் போயிருந்தது. அசல் வேறெங்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் லேயர் மாஸ்க்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

விஷயம் சுலபம். இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லேயர்களில் வைக்கிறோம். மேலே உள்ள படத்துக்கு ஒரு மாஸ்க் சேர்க்கிறோம். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் மேல் படம் தெரியும். கறுப்பு பூசிய இடத்தில் அது மறைந்து, கீழ்ப் படம் தெரியும். நடுவில் சாம்பல் பூசினால் இரண்டும் கலந்து தெரியும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. இவற்றையும் சேர்த்து மொத்தம் 256 படிகள். வானொலிக்காரியான எனக்கு இது ரொம்பப் பழக்கமான வேலை. ஒரு பாட்டின் ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டே அடுத்த பாட்டை மெல்ல ஏற்றுவதைத்தான் தினமும் செய்கிறேன்.

முக்கியமானது இதுதான்: மாஸ்க் மறைக்குமே தவிர அழிக்காது. கறுப்பு பூசி மறைத்த இடத்தில் வெள்ளையைப் பூசினால் போனது திரும்ப வரும். கீபோர்டில் எக்ஸ் எழுத்தைத் தட்டினால் பிரஷ் கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாறும். தவறு செய்ய பயமே வேண்டாம்.

தாத்தாவைக் கீழ் லேயரிலும் பாட்டியை மேல் லேயரிலும் வைத்தேன். பாட்டியின் தோள் ஓரத்தைக் கூர்மையான பிரஷ்ஷாலும், தலைமுடி ஓரத்தை மிருதுவான பிரஷ்ஷாலும் வரைந்தேன். தாத்தாவின் தோள் பாட்டியின் புடவைக்குப் பின்னால் போனது. ஸ்டூடியோ திரைகள் இரண்டும் வெவ்வேறு சாம்பல் நிறம். மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் இழுத்ததும் ஒரே திரை போல ஆனது.

வெளிச்சம்தான் ஒத்துவரவில்லை. தாத்தாவின் முகத்தில் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். பாட்டியின் முகத்தில் வலப்பக்கத்திலிருந்து. பாட்டியின் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பினேன். கச்சிதமாகப் பொருந்தியது. இரவு இரண்டு மணிக்குப் பெருமையோடு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

காலையில் அழைப்பு வந்தது. அம்மா இல்லை, பாட்டி.

“நல்லாதான் இருக்கு. ஆனா இது நான் இல்லியே கண்ணு.”

எனக்குப் புரியவில்லை.

“மூக்குத்தி அந்தப் பக்கம் போயிருச்சு பாரு. தாத்தா மொத மொதல்ல வாங்கிக் குடுத்தது அது. எந்தப் பக்கம் குத்தினதுன்னு எனக்குத் தெரியாதா?”

ஆறு மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வெளிச்சத்தைப் பார்த்தேன், மூக்குத்தியைப் பார்க்கவில்லை.

அன்றிரவு பாட்டியைப் பழையபடி திருப்பினேன். தாத்தாவைத் திருப்பலாமா என்று யோசித்தேன். சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விடும். கடைசியில் யாரையும் திருப்பவில்லை. இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி, மாஸ்க்கைப் புதிதாக வரைந்தேன். இப்போது தாத்தாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் பாட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம். ஸ்டூடியோவில் இரண்டு விளக்குகள் எரிந்தது போல. முகங்களில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் மனசில் ஓர் உறுத்தல். நடக்காத ஒன்றை நடந்தது போலக் காட்டுகிறேனா? படங்களை ஒட்டிச் சேர்ப்பது கணினிக்கு முந்திய பழக்கம்தான். 1857இலேயே இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற கலைஞர் சுமார் 30 நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கினார். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்ததோ 1994இல். பழக்கம் பழையது என்பதால் உறுத்தல் போய்விடவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. நாளைக்கு அவள் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்து, தாத்தாவும் பாட்டியும் ஜோடியாக ஸ்டூடியோவுக்குப் போனார்கள் என்று நினைத்தால்? ஒரு படம் எடுத்துக்கொள்ளக்கூட நேரமும் காசும் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்ற உண்மை அங்கேயே மறைந்துவிடும்.

அதனால் மூன்று காரியங்கள் செய்தேன். அசல் ஸ்கேன்களைத் தொடாமல் தனியாகச் சேமித்தேன். சேர்த்த படத்தை லேயர்களும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும்படி பிஎஸ்டி கோப்பாக வைத்தேன். அச்சிட்ட படத்தின் பின்புறம், “இரண்டு தனிப் படங்களைச் சேர்த்தது” என்று பேனாவால் எழுதினேன். உங்கள் வீட்டு டின்னிலும் இப்படிப் படங்கள் இருந்தால், நீங்களும் இதையே செய்யுங்கள்.

“இதை ஏன் எழுதற? பாட்டி மனசு கஷ்டப்படாதா?” என்றார் அம்மா. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

பொங்கலுக்குப் போனபோது படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மூக்குத்தியைப் பார்த்தார். பிறகுதான் தாத்தாவை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்.

என் மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். “இது கல்யாணத்துல எடுத்ததா பாட்டி?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி முந்திக்கொண்டார்.

“இல்லடா தங்கம். நாங்க சேந்து படமே எடுத்ததில்ல. ஒங்கம்மாதான் சேத்து வச்சா.”

அன்று பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் பாட்டி அதையேதான் சொன்னார்.